சுள்ளி

ஒரு கட்டு விறகு 8 டாலர். அம்மா ஊரிலிருந்து வந்த நாள் முதல் எந்த விலையையும் 83-ஆல் பெருக்கித்தான் பார்த்தாள். பார்க் அலுவலகத்துக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்த கொட்டகை முன்னால் நின்றபடியே கணக்கை முடித்துவிட்டாள்: 664 ரூபாய். பிறகு பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே விரல் வைத்துக் கட்டைகளை எண்ணினாள். ஏழு. “ஒரு கட்ட தொண்ணூத்தஞ்சு ரூவாயா?” என்றவள் குனிந்து மோந்து பார்த்தாள், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். “உள்ள இன்னும் பச்ச இருக்கு. பொகையும் பாரு.” நான் கேட்கவில்லை, மூன்று கட்டு வாங்கினேன். அவள் சொன்னபடியே புகைந்தது. அன்று சாயங்காலம் நடந்தது மொத்தமே ஐந்து நிமிஷம் இருக்காது. வருஷம் ஒன்றாகப் போகிறது, இன்னும் மனசுக்குள் கிடந்து அரிக்கிறது. எழுத உட்காருவேன், அம்மாவைப் பற்றி எழுதுகிறேனா என்னைப் பற்றி எழுதுகிறேனா என்று பிடிபடாமல் மூடி வைத்துவிடுவேன்.

மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு இட்டாஸ்கா ஸ்டேட் பார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வந்த முதல் கோடையிலேயே எல்லாரும் போய், மிசிசிப்பி ஆறு ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில் கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய், ‘மிசிசிப்பியை நடந்தே தாண்டினேன்’ என்று போட்டோ போட்டிருப்போம். மினியாப்பொலிஸிலிருந்து வடக்கே காரில் நாலு மணி நேரம். கூடாரம் போட இடம் வேண்டுமென்றால் 120 நாளைக்கு முன்னால் முன்பதிவு திறக்கும், அன்று காலை காப்பிகூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாக எட்டுக் குடும்பம் சேர்ந்து போவோம். பிரியாணி அண்டா, ப்ளூடூத் ஸ்பீக்கர், கேரம் போர்டு சகிதம் போய், இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதியை 9:55 வரை மறந்திருப்போம். போன வருஷம் ஜூலையில் அம்மா இருந்ததால் நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். ஏரியை ஒட்டிய ‘பேர் பா’ என்ற கேம்ப் கிரவுண்டில் இடம் கிடைத்தது. மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. நல்ல வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுக் காசு குடுத்துக் குடிசையில் படுக்கிற கதையை அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்து பெற்றோர் வந்துபோன எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும் வசனம் அது, விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காரை விட்டு இறங்கியதும் அம்மா ஏரியைப் பார்க்கவில்லை. நாங்களெல்லாம் தண்ணீர்ப் பக்கம் ஓடினோம். அவள் நின்ற இடத்திலேயே நின்று தரையைப் பார்த்தாள். அங்கே சிவப்புப் பைன் மரங்கள் நெட்டையாக நிற்கும். பட்டை செம்பு நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். இந்தக் காட்டில் சில மரங்களுக்கு 250 வயசுக்கு மேல். அவற்றுக்கு அடியில், ஊசி ஊசியாக உதிர்ந்த சருகின் மேல், காற்றில் ஒடிந்து விழுந்த கிளையும் சுள்ளியும் அள்ள ஆளில்லாமல் கிடந்தன. “யாரும் பொறக்க மாட்டாகளா?” என்று கேட்டாள். கூடாரத்தின் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்த நான் என்ன பதில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

கீழ கெடந்ததுதான

ஐஸ் கட்டியும் கொசு மருந்தும் வாங்க என் கணவர் பக்கத்து ஊரான பார்க் ராப்பிட்ஸ் போயிருந்தார். ஜூலையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் எந்த வேலைக்கும் அவசரம் வராது. அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு ‘கால் வீசி நடந்துட்டு’ வருவதாகக் கிளம்பினாள். சேலைக்கு மேல் என் ஸ்வெட்டர், காலில் என் பழைய ஷூ. அரை மணி நேரம் கழித்துப் பையன் கத்திக்கொண்டே முன்னால் ஓடிவந்தான், பின்னால் அம்மா. அவள் தலையில் ஒரு விறகுக்கட்டு.

கையில் அல்ல, தலையில். பையனுடைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன் மேல் கட்டு. கையால் பிடிக்கவில்லை. ஒரு கை பேரன் தோளில், இன்னொரு கை வீசிக்கொண்டு வந்தது. மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கிறது என்கிற 68 வயது அம்மாவை எனக்குத் தெரியும், தலையில் சுமையோடு இப்படி நடந்து வருகிறவளை அன்றுதான் பார்த்தேன். கட்டை இறக்கி வைத்தபோது பார்த்தேன்: பெருங்குச்சி நடுவில், சிறுசு வெளியே, நுனியெல்லாம் ஒரே பக்கம், கூடாரக் கயிறு ஒன்றை எடுத்துப்போய் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தாள். உதறினால்கூட ஒரு குச்சி விழாது. பையன் மூச்சு வாங்கிக்கொண்டு புதுப்பாடத்தை ஒப்பித்தான்: “அம்மா, ஒடிச்சா டக்குன்னு சத்தம் வரணும். வளைஞ்சா ஈரம், அத விட்டுரணும். அம்மாச்சி சொன்னாங்க.”

பிக்னிக் டேபிளின் பெஞ்சில் உட்கார்ந்து, காய் நறுக்கக் கொண்டுவந்த ஒரே கத்தியை எடுத்து, பக்கக் குச்சிகளைக் கழிக்க ஆரம்பித்தாள். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு, அடுத்து வந்தது பயம். “அம்மா, இங்க சுள்ளி பொறுக்கக் கூடாது. ரூல் இருக்கு. இதெல்லாம் பண்ணாதீங்க” என்றேன். நல்ல நாளில் நான் அம்மாவை வா போ என்றுதான் பேசுவேன். அன்று ‘பண்ணாதீங்க’ வந்தது. ஆபீஸில் புதுசாக வந்தவர்களிடம் பேசுகிற குரல். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “கீழ கெடந்ததுதானடி. வெட்டுனனா?”

அவள் கேட்டது நியாயம். எனக்கும் பதில் தெரியும். இரண்டு விதி இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது என்பது பச்சை நிற வண்டு ஒன்றால் வந்த விதி. ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டை அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தது 2002-ல், மிச்சிகனில். 2009-ல் மினசோட்டாவுக்கு வந்துவிட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து குடைந்து மரத்தையே கொன்றுவிடும். வண்டு தானாகப் பறந்தால் அதிக தூரம் போகாது. கார் டிக்கியில் இருக்கும் விறகோடு ஒரே நாளில் 300 மைல் போய்விடும். உள்ளே கிடப்பதைப் பொறுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. விழுந்த கட்டையில்தான் பூஞ்சை பிடிக்கும், பூச்சி குடியிருக்கும், மரங்கொத்திக்குத் தீனி கிடைக்கும், மட்கி மண்ணாகி அடுத்த கன்றுக்கு உரமாகும். ஒரு கோடையில் வருகிற கூட்டம் முழுக்க ஆளுக்கொரு கட்டுச் சுமந்தால் கேம்ப் கிரவுண்டைச் சுற்றித் தரை மொட்டையாகிவிடும். இதெல்லாம் எனக்கு அப்போதும் சரியென்றுதான் பட்டது, இப்போதும் சரியென்றுதான் படுகிறது. எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. ‘ரூல் இருக்கு’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. பார்க் முத்திரை போட்ட வெள்ளை பிக்கப், வளைவில் மெதுவாகத் திரும்பி வந்து எங்கள் இடத்துக்கு முன்னால் நின்றது. சீருடை போட்ட ஒரு பெண் இறங்கினாள். 25 வயதுக்கு மேல் இருக்காது, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருந்தாள், இடுப்பில் வாக்கி டாக்கி. கம்பத்தில் சொருகியிருந்த முன்பதிவுச் சீட்டைப் பார்க்கத்தான் வந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். விறகுக்கட்டு டேபிளுக்கு அடியில் போயிருந்தது. அதற்கு முன்னால், முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். கை இரண்டும் வெறுங்கை.

அந்த நிலையில் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடைக்காரரைத் தராசோடு வெளியே வரச் சொல்லிச் சண்டை போட்டவள். என் காலேஜ் ஹாஸ்டல் வார்டனிடம் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்காமல் உட்கார்ந்தவள். அந்த அம்மா, தன் பேத்தி வயதுக்கு வரக்கூடிய ஒரு பெண்ணின் சட்டைப் பொத்தானையும் தொப்பியையும் பார்த்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக நின்றாள்.

அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். கரடி நடமாட்டம் உண்டு, ராத்திரி சாப்பாட்டுச் சாமானையெல்லாம் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள் என்றாள். மழை வரலாம் என்றாள். பிறகு டேபிளுக்கு அடியில் பார்வை போனது. பார்க்காமல் இருக்க முடியாது, முந்தானைக்கு வெளியே இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குச் சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தது. நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். விதி எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது என்று கடகடவென்று சொன்னேன். பரவாயில்லை, அவிழ்த்து மரங்களுக்குள்ளேயே பரவலாகப் போட்டுவிடுங்கள், அது பூச்சிகளுக்கெல்லாம் வீடு என்று என் பையனைப் பார்த்துச் சொன்னாள். போகும்போது குனிந்து கட்டை இன்னொரு தரம் பார்த்தாள். இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய விறகை நான் பார்த்ததே இல்லை, இவங்களா கட்டினாங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுச் சிரித்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

“என்ன சொன்னா? அவதாரமா?” என்றாள் அம்மா. அபராதத்தை அப்படித்தான் சொல்லுவாள்.

“அதெல்லாம் இல்ல. எடுத்த எடத்துல போடச் சொல்றாங்க.”

இவ்வளவுதான் மொழிபெயர்த்தேன். மீதியை விழுங்கிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அது உண்மை. அம்மாவால் வெட்கமா, அம்மா நின்ற நிலையைப் பார்த்து வெட்கமா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கண்டித்ததைச் சொன்னேன், பாராட்டியதைச் சொல்லவில்லை.

அம்மா குனிந்து கட்டை வெளியே இழுத்தாள். முதலில் கயிறை அவிழ்த்து, நாலாக மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு சுள்ளியை அள்ளிக்கொண்டு மரங்களுக்குள் போனாள். பையனும் கூடவே போனான். ‘பரவலாக’ என்று அந்த அக்கா சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குச்சியாக ஒவ்வொரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தான். அம்மா ஒரே வீச்சில் எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ராத்திரி கட்டுச்சோறுதான், புளியோதரை. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய் நறுக்கலாம் என்று பார்த்தால் கத்தியைக் காணோம். டேபிள், கூலர், கார், கூடாரம் எல்லாம் தேடினோம். ரக்கூன் தூக்கிட்டுப் போயிருக்கும், இனி அது கையில் கத்தியோடு வரும் என்று என் கணவர் பையனைப் பயமுறுத்தினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எட்டு டாலர் விறகு கண் எரியப் புகைந்தது. ஏரிக்கு நடுவிலிருந்து லூன் பறவை கத்தியது. கேட்டவர்களுக்குத் தெரியும், யாரோ தொலைவில் அழுவது மாதிரி ஒரு கூவல். அம்மா சீக்கிரமே படுக்கப் போய்விட்டாள்.

மேரி கிப்ஸ்

மறுநாள் ஆறு பிறக்கும் இடத்துக்குப் போனோம். ஏரியின் வட கோடியில், சுமார் 18 அடி அகலத்தில், முழங்கால் அளவுத் தண்ணீர். அதில்தான் மிசிசிப்பி தொடங்குகிறது. பக்கத்தில் நட்டு வைத்திருக்கும் மரத்தூணில் செதுக்கியிருக்கிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் 1475 அடி, இங்கிருந்து மெக்சிகோ வளைகுடா 2552 மைல். எல்லாரும் தாவுகிற அந்தக் கல்வரிசை இயற்கையாக அமைந்தது மாதிரித்தான் இருக்கும். 1930-களில் சதுப்பாகக் கிடந்த இடத்தைச் சீர்செய்து கல் அடுக்கி அழகுபடுத்தினார்கள். பேரும் அப்படித்தான். 1832-ல் ஓஸாவிண்டிப் என்ற ஒஜிப்வே தலைவர் ஸ்கூல்கிராஃப்ட் என்ற வெள்ளைக்காரரை இந்த ஏரிக்கு அழைத்து வந்தார். வழி காட்டியவருடைய மக்கள் ஏற்கெனவே இதற்கு எல்க் மான் ஏரி என்று பேர் வைத்திருந்தார்கள். வந்தவர் ‘மெய்’, ‘தலை’ என்ற இரண்டு லத்தீன் சொல்லை எடுத்து, வெரிட்டாஸ் கபுட், முன்னும் பின்னும் வெட்டி நடுவில் மிஞ்சியதை வைத்து இட்டாஸ்கா என்றார். 1855-ல் போட்ட உடன்படிக்கையில் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒஜிப்வே மக்கள் கையிலிருந்து அமெரிக்க அரசின் கைக்குப் போனது. 36 வருஷம் கழித்து, 1891-ல், மாநிலச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இது பார்க் ஆனது.

அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். எந்தத் தண்ணீர் ஊற்றாகக் கிளம்பினாலும் அவளுக்கு அது செய்தாக வேண்டும். கரையேறி நடந்தால் பார்வையாளர் மையம். அதற்கு மேரி கிப்ஸ் என்று பேர். யாரு அந்தப் பொம்பள என்று அம்மா கேட்டாள். பையன் பள்ளியில் படித்திருந்ததால் அவன் பாதி, நான் பாதியாகச் சொன்னோம்.

பார்க் என்று சட்டம் போட்டுவிட்டார்களே தவிர உள்ளே மரம் வெட்டுவது நிற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஏரியின் வாயிலேயே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, பிறகு திறந்துவிட்டு, வெட்டிய மரத்தையெல்லாம் ஆற்றோடு மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். தண்ணீர் ஏறினால் கரையில் நிற்கிற பைன் மரங்கள் வேர் மூழ்கிச் சாகும். 1903-ல் பார்க்கைக் கவனித்துக்கொண்டிருந்த கமிஷனர் இறந்துபோனார். அந்தப் பொறுப்பு அவர் மகள் மேரி கிப்ஸுக்கு வந்தது. வயது 24. மதகைத் திறக்கச் சொல்லி அவள் நேராக அணைக்கே போய் நின்றாள். துப்பாக்கியோடு காவல் நின்றவர்கள், தொட்டால் சுடுவோம் என்று மிரட்டினார்கள். அவள் நகரவில்லை. பதவியில் இருந்தது என்னவோ சில மாதம்தான், அதற்குப் பிறகும் கோடாரி ஓயவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது அவள் பேர்.

“சுட்டாங்களா?” என்றாள் அம்மா.

“இல்ல.”

“அந்தப் புள்ள யாரப் புடிச்சுச்சு?”

“மரம் வெட்டுற கம்பெனிக்காரங்களம்மா.”

“அப்பச் சரி” என்றாள். சொல்லிவிட்டு ஷூவை மாட்டப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த ‘அப்பச் சரி’யின் அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

விறகுக்குப் போறது

இரண்டாம் நாள் ராத்திரிதான் சோறு வடித்தோம். அம்மாவும் பையனும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். ஸ்டவ்வில் உலை வைத்துவிட்டு, அரிசி அளக்க டம்ளரைப் பைக்குள் விட்டேன். ‘ணங்’ என்று இடித்தது. கையை விட்டுத் துழாவினேன். கத்தி. பிடி கீழே, முனை மேலே, பொன்னி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தது.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வண்டி வளைவில் திரும்பியதிலிருந்து அந்தப் பெண் இறங்குவதற்குள் எத்தனை நொடி இருந்திருக்கும்? பத்து? அந்தப் பத்து நொடியில் விறகைக் காலால் தள்ளிவிட்டாள். ஒளித்து வைத்தது கத்தியை. அரிசிப் பையைத் திறந்து, உள்ளே சொருகி, வாயைத் திருகிப் பழையபடி வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். வாங்கி, சேலையில் துடைத்து, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நாலு வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் வெங்காயத்திடம் சொல்வதைப் போலச் சொன்னாள்: “வெறகு நாளைக்கும் கெடக்கும். அருவா போச்சுன்னா யாரு குடுப்பா?”

அம்மா பிறந்த ஊர் மேற்கு மலையின் அடிவாரம். சின்ன வயசில் ‘வெறகுக்குப் போனோம்’ என்று அவள் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏன் ஆறாவதோடு நின்றது என்று கேட்டால் அதுதான் பதில். ‘கடைக்குப் போனோம்’ என்பது மாதிரி ஒரு சொல்லாக என் காதில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டதில்லை. அன்று ராத்திரி கேட்டேன்.

விடியக் கருக்கலில், நாலு மணிக்கு, ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கிளம்புவார்களாம். தூக்குச் சட்டியில் கம்மங்கஞ்சி. வெயில் ஏறுவதற்குள் மலைக்குள் போய், காய்ந்தது ஒடித்து, கட்டிச் சுமந்து, மத்தியானம் ஊர் திரும்ப வேண்டும். ஒரு கட்டு ஒண்ணே கால் ரூபாய், டவுனில் கிளப்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். திரும்புகிற வழியில் ஓடையைத் தாண்டுகிற இடம் ஒன்று. ஃபாரஸ்ட் கார்டு அங்கேதான் நிற்பார். அதனால் முன்னால் போகிறவள் சுமையில்லாமல் போவாள். ஆளைக் கண்டால் இரும வேண்டும். இருமல் கேட்டதும் எல்லாரும் சுமையைப் போட்டுவிட்டு, அருவாளைச் சருகுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைத்துவிட்டு, புதைத்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி வந்து கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். விறகைப் பிடுங்கிக்கொள்வார், வைவார், சில நாள் ஆபீசுக்கு நடக்கவைப்பார். அதெல்லாம் பெரிசில்லை. அருவாளை எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்காது. ஒருமுறை அம்மாவின் கையிலிருந்து போனது அவளுடைய பெரியம்மா வீட்டு அருவாள், கடன் வாங்கியது. அன்று இருட்டுகிறவரை வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு வீட்டுக்குப் போனபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. வெங்காயத்தை வாணலியில் போட்டுவிட்டாள்.

காட்டை ரிசர்வ் என்று வளைத்து, உள்ளே போய்க் குச்சி எடுப்பதைக் குற்றமாக்கியது வெள்ளைக்காரன் காலத்து 1882 மெட்ராஸ் வனச் சட்டம். கொடி மாறியும் சட்டம் பேர் மாறித் தொடர்ந்தது. காட்டில் வாழ்கிறவர்களுக்குக் காட்டு விளைபொருளில் உரிமை உண்டு என்று எழுத்தில் வர 2006 ஆனது. அம்மா விறகுக்குப் போனது 1967, 68-ல். நான் இதையெல்லாம் அங்கேயே செல்போனை நோண்டி அவளுக்குப் படித்துக் காட்டினேன். பட்டணத்துப் பழக்கம், யாராவது தன் கதையைச் சொன்னால் அதற்குச் சட்டப் பிரிவு தேடுவது. அம்மா காது கொடுத்ததாகத் தெரியவில்லை. “எந்தச் சட்டமோ. அதே மலையிலருந்து லாரி எறங்கும்டி. தார்ப்பா போட்டு மூடி, ராத்திரியில. அதுக்குச் சங்கிலிய அவுத்துவிட்டுட்டு நின்னாரு அந்த மனுசன். எங்களுக்குத்தான் ஓடயில காவ.”

அப்போதுதான் ‘அப்பச் சரி’ எனக்குப் புரிந்தது. மேரி கிப்ஸ் போய் நின்றது லாரிக்காரனிடம்.

நேற்று அந்தப் பொண்ணு உன் கட்டைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா என்று ஒருவழியாக ஆரம்பித்தேன். இவ்வளவு நேர்த்தியா கட்டினதைப் பார்த்ததே இல்லையாம் என்றேன். ஒரு நாள் தாமதமாகச் சொல்கிற பாராட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அம்மா வாணலியைக் கிளறிக்கொண்டே, “கட்டுல என்ன இருக்கு? அவுந்தா நடுவழியில அள்ளிக்கிட்டு நிக்கணும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நேத்தே சொல்லியிருக்கலாம்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு என்னை யாராவது கேட்டால், அந்த விதி சரி என்றுதான் சொல்லுவேன். எட்டுக் குடும்பத்தோடு போகும்போது யாராவது குச்சி பொறுக்கினால் முதல் ஆளாகத் தடுப்பதும் நானாகத்தான் இருக்கும். என்னை உறுத்துவது அந்தக் குரல். முன்னால் போகிறவள் இரும வேண்டும் என்பது அம்மாக்கூட்டத்தின் ஒப்பந்தம். வண்டி வளைவில் திரும்பியபோது அம்மாவுக்கு முன்னால் நின்றது நான். எனக்கு இருமத் தெரியவில்லை. ஓடைப்பக்கம் நிற்கிற ஆளின் குரல் மட்டும் எங்கிருந்தோ தானாக வந்தது.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். வாங்கிய விறகில் அஞ்சு கட்டை மிச்சம். விறகை ஊருக்கு ஊர் கொண்டுபோகக் கூடாது என்பதால், அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம். அம்மா அதைத் தீ மூட்டும் இரும்பு வளையத்துக்குப் பக்கத்தில், மண் ஈரம் படாமல் இரண்டு கல்லின் மேல், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினாள். கட்டோடு வந்த நைலான் கயிறைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நல்ல கயிறாம். பையன் கை கால் கழுவி வந்து கதவைத் திறந்துவிட்டு, “வாங்க அம்மாச்சி” என்றான். அம்மா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, அடுக்கி வைத்த விறகைத் திரும்பிப் பார்த்தாள், வண்டிப் பாதையின் வளைவை ஒரு தரம் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஏறிக்கொண்டாள்.